ராஸ்பெர்ரி பை 5: கணினியின் உறுப்புகளைக் கண்முன் வைக்கும் பலகை

கணினி எவ்வாறு இயங்குகிறது என்று கற்க விரும்புவோருக்கு, எல்லாவற்றையும் மூடிய உறைக்குள் மறைத்து வைத்திருக்கும் மடிக்கணினியைவிட, 2023-இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை 5 என்ற ஒற்றைப் பலகைக் கணினி மிகவும் பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து. 85 மில்லிமீட்டர் நீளமும் 56 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட இந்தப் பலகையில் செயலி, ரேம் (இயங்கும்போது தரவைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்), மின்சாரத்தைப் பங்கிடும் சில்லு, இணைப்பு முனைகள் என ஒவ்வொன்றையும் விரல் வைத்துக் காட்ட முடிகிறது.

உலோக மூடியுடன் இருப்பது செயலி. 2.4 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் நான்கு கோர்களும் (கணக்கிடும் பகுதிகள்) திரைப் படங்களை உருவாக்கும் கிராபிக்ஸ் பகுதியும் அதற்குள்ளேயே அடங்கியுள்ளன. முந்தைய மாடல்களில் இல்லாத ஆர்பி1 என்ற தனிச் சில்லுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. யுஎஸ்பி, ஈதர்நெட் (கம்பிவழி வலையமைப்பு இணைப்பு), வெளி மின்னணுக் கருவிகளை இணைக்கும் 40 பின்கள் ஆகியவற்றின் வழியே வருவதையும் போவதையும் கவனித்துக்கொள்வது அதன் பொறுப்பு. விசைப்பலகையில் ஓர் எழுத்தைத் தட்டினால், அந்தச் செய்தி யுஎஸ்பி முனையில் நுழைந்து, ஆர்பி1-ஐக் கடந்து, செயலியை அடைகிறது. பிறகு அவ்வெழுத்து திரைக்கென ரேமில் ஒதுக்கப்பட்ட இடத்தில் புள்ளிகளாக எழுதப்பட்டு, திரையை இணைக்கும் எச்டிஎம்ஐ முனை வழியே கண்ணுக்குத் தெரிகிறது. இந்தப் பாதை முழுவதையும் பலகையின் மேலேயே தொட்டுத் தொட்டு விளக்கலாம்.

ரேமுக்கும் சேமிப்பகத்துக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கருவியை நான் கண்டதில்லை. மெமரி கார்டிலிருந்து இயங்கும்போது, பிரவுசரை முதன்முறை திறந்தால் பலகையின் ஓரத்திலுள்ள பச்சை விளக்கு விடாமல் துடிக்கும். மூடிவிட்டு உடனே மீண்டும் திறந்தால் விளக்கு பெரிதாக அசைவதில்லை. பிரவுசரும் விரைந்து வந்துவிடுகிறது. கார்டிலிருந்து ஒருமுறை படித்த கோப்புகளை இயங்குதளம் ரேமில் வைத்திருப்பதே காரணம். மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தொடங்கினால் அவை ரேமில் இரா. விளக்கு மறுபடியும் துடிக்கத் தொடங்கும்.

மெமரி கார்டுக்குப் பதிலாக, பிசிஐஇ என்ற அதிவேக இணைப்பில் தக்க துணைப்பலகையைச் செருகி எஸ்எஸ்டி (மெமரி கார்டைவிட வேகமான சேமிப்பகம்) பொருத்தினால், செயலியும் ரேமும் மாறாமலே கணினியின் சுறுசுறுப்பு கூடிவிடுகிறது. செயலியின் கிகாஹெர்ட்ஸை மட்டும் பார்த்துக் கணினியை மதிப்பிடுவது ஏன் போதாது என்பதற்கு இது நேரடிச் சான்று.

வெப்பத்தையும் மின்சாரத்தையும் அலட்சியம் செய்யக் கூடாது. கடுமையான வேலையில் வெப்பம் 80 டிகிரி செல்சியஸை எட்டினால் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பதால், விசிறியுடன் கூடிய குளிர்விப்பானையும் சேர்த்தே வாங்குங்கள். 5 வோல்ட், 5 ஆம்பியர் தரும் அடாப்டரும் தேவை. 3 ஆம்பியர் அடாப்டரில் பலகை இயங்கினாலும், யுஎஸ்பி சாதனங்களுக்குக் கிடைக்கும் மின்சாரம் 600 மில்லிஆம்பியருக்குக் கட்டுப்படுத்தப்படும்.

ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் பின்னர் கூட்ட வழியில்லை. நிரல் எழுதிப் பழகவும் மின்னணுச் சோதனைகளுக்கும் 4 ஜிபி தாராளம். பிரவுசரில் பல தாவல்களைத் திறந்து வைத்து அன்றாடக் கணினியாகப் பயன்படுத்த நினைப்போர் தொடக்கத்திலேயே 8 ஜிபி வாங்கிவிடுவது நல்லது.