தொப்பூர் இறக்கத்தில் டிரம் பிரேக்கா, டிஸ்க் பிரேக்கா? லோடு வண்டிகளில் நீண்டநாள் பயன்பாட்டு அனுபவம்

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். தருமபுரி 460 மீட்டரை ஒட்டி, சேலம் 280-ஐ ஒட்டி. ஓசூரில் லோடு ஏற்றிய வண்டி சேலம் போய்ச் சேர 600 மீட்டருக்கு மேல் இறங்கியாக வேண்டும். அதில் தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவே வரும் தொப்பூர் கணவாய்தான் பிரேக்குக்குப் பரீட்சை. 40 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, அதே வண்டியை 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஏழு முறை முழுசாக நிறுத்துவதற்குச் சமம். இன்ஜின் இழுத்துப் பிடிக்காத பங்கு முழுக்கச் சூடாக மாறி டிரம்மிலோ டிஸ்க்கிலோதான் இறங்கும். சமதளத்தில், ஒழுங்காக அட்ஜஸ்ட் செய்த டிரம்முக்கும் டிஸ்க்குக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. சூடேறிய பிறகுதான் இரண்டும் வேறு வேறு என்று புரியும்.

டிரம்மில் ஷூ உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. சூட்டில் டிரம்மும் வெளிப்பக்கம் விரிகிறது, அதாவது ஷூவை விட்டு விலகிப் போகிறது. 410 மி.மீ. டிரம் 300 டிகிரி சூடேறினால் விட்டம் 1.3 மி.மீ. அளவுக்குக் கூடும். பார்க்கச் சின்னக் கணக்கு. ஆனால் அந்த இடைவெளியை நிரப்ப, ஷூவை விரிக்கும் கேம் கூடுதலாகத் திரும்ப வேண்டும், அதற்குக் கேமைத் திருப்பும் கையான ஸ்லாக் அட்ஜஸ்டரும், ஏர் அழுத்தத்தில் அதைத் தள்ளும் சேம்பரின் ராடும் பல மடங்கு தூரம் நகர வேண்டும். 30 நம்பர் சாதாரண சேம்பரில் ராடின் மொத்த ஓட்டமே 64 மி.மீ. அட்ஜஸ்ட்மென்ட் எல்லை 50, ஓட்டம் அதைத் தாண்டினால் சரிசெய்தாக வேண்டும். யார்டில் குளிர்ந்த நிலையில் ராடு ஓட்டம் 52, 53 என்று நிற்கும் வண்டி மெதுவாக ஓட்டிப் பார்த்தால் நன்றாகவே பிடிக்கும். இறக்கத்தில் டிரம் விரிந்ததும் ராடு சேம்பரின் கடைசியைத் தொட்டுவிடும். அதற்கு மேல் பெடலை எவ்வளவு மிதித்தாலும் ஷூ மேல் இருக்கும் உராய்வுப் பட்டையான லைனருக்கு விசை போகாது. "ஏர் முழுசா இருந்துச்சு, பிரேக் பிடிக்கல" என்று டிரைவர்கள் சொல்வதில் பெரும்பாலும் பொய் இல்லை. ஏர் இருந்திருக்கும், ராடு ஓட இடம் இருந்திருக்காது.

டிஸ்க்கில் இந்தச் சிக்கல் அமைப்பிலேயே இல்லை. சூட்டில் டிஸ்க் தடித்து, அதை இரு பக்கமும் அழுத்தும் பேடை நோக்கியே வருகிறது, விலகிப் போவதில்லை. பேடின் உராய்வு சூட்டில் கொஞ்சம் குறையலாம், பெடல் கொஞ்சம் கூடுதலாகக் கேட்கலாம். ஆனால் ராடு ஓட்டம் தீர்ந்து திடீரென்று கைவிடும் நிலை வராது. இறக்கத்தில் வண்டி ஓட்டுபவருக்கு டிஸ்க் தரும் உண்மையான லாபம் இதுதான். நிற்கும் தூரம் குறைகிறது என்று விளம்பரத்தில் சொல்வதெல்லாம் இதற்கு அடுத்தபடி.

டிரம் வைத்திருப்பவர் வாரம் ஒருமுறை செய்ய வேண்டிய வேலைக்கு ஒரு சாக்பீஸ், ஒரு ஸ்கேல், இரண்டு ஆள் போதும். டயருக்குக் கட்டை வைக்க வேண்டும். ஏர் ஏற்றி பார்க்கிங் பிரேக்கை விடுவிக்க வேண்டும். ராடு சேம்பரிலிருந்து வெளிவரும் இடத்தில், சேம்பர் முகத்தை ஒட்டி ராடில் சாக்பீஸ் கோடு. ஏர் 7 பாருக்குக் கிட்டத்தட்ட இருக்கும்போது இன்ஜினை அணைத்துவிட்டு ஒருவர் பெடலை முழுசாக மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் கோடு எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். 50 மி.மீ. தாண்டினால் வண்டி லோடுக்குப் போகக் கூடாது. ஒரே ஆக்ஸிலில் இடது 35, வலது 48 என்று இருந்தாலும் விடக்கூடாது, ஒரு பக்கம் இழுக்கும்.

கையால் திருகும் ஸ்லாக் என்றால் பூட்டு ஸ்லீவை உள்ளே அழுத்தி, ஷூ டிரம்மைத் தொடும்வரை திருகி, பிறகு கால் முதல் அரைச் சுற்று பின்னால் விட்டு, மறுபடி அளக்க வேண்டும். எந்தப் பக்கம் திருகுகிறோம் என்பதில் கவனம் வேண்டும்: பிரேக் பிடிக்கும்போது கேம் எந்தப் பக்கம் திரும்புமோ அந்தப் பக்கம்தான் திரும்ப வேண்டும். தானாகவே சரிசெய்துகொள்ளும் ஆட்டோ ஸ்லாக் இருக்கும் வண்டியில் ஓட்டம் கூடிவிட்டது என்று கையால் திருகிச் சரிசெய்து அனுப்புவது பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் தவறு. அன்றைக்குச் சரியாகும், சில நாளில் பழையபடி ஆகிவிடும். கேம் புஷ் தேய்ந்திருக்கும், ராடை ஸ்லாக்கோடு இணைக்கும் கிளெவிஸ் பின் ஓட்டை பெரிதாகியிருக்கும், அல்லது ஸ்லாக்கின் உள் கிளட்சே போயிருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் திருகுவது நோயை மறைக்கும் வேலை.

டிஸ்க்குக்கு வருவோம். "மாட்டிட்டா பார்க்கவே வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்பக் கூடாது. பேடுகளைப் பிடித்து டிஸ்க் மேல் அழுத்தும் காலிப்பர் இரண்டு கைடு பின்களில் வழுக்கி நகர வேண்டும். பின்னை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்தால் தண்ணீரும் கல் தூளும் உள்ளே போய், பின் இறுகிவிடும். அப்புறம் உள்பக்கப் பேடு மட்டும் உழைக்கும், வெளிப்பக்கப் பேடு புதிதுபோலவே நிற்கும். வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பவர் கண்ணுக்குப் படுவது அந்த நல்ல பேடுதான். உள்ளே இரும்புத் தகடு டிஸ்க்கைச் சுரண்டிக்கொண்டிருக்கும்.

22.5 அங்குல வீலுக்கு வரும் காலிப்பர்களில் அளவுகள் பெரும்பாலும் இப்படி: புது டிஸ்க் 45 மி.மீ. தடிப்பு, 37-க்கு வந்தால் மாற்ற வேண்டும். பேடு தகடோடு சேர்த்து 30 மி.மீ., 11-க்கு வந்தால் முடிந்தது. பேடுக்கும் டிஸ்க்குக்கும் மொத்த இடைவெளி 0.6 முதல் 1.1 மி.மீ. பிரேக்கை விடுவித்து, கட்டை வைத்து, காலிப்பரைக் கையால் முன்னும் பின்னும் தள்ளினால் அந்த அளவுக்கு அசைய வேண்டும். அசையவே இல்லை என்றால் பின் இறுகியிருக்கிறது. நன்றாகவே ஆடுகிறது என்றால் உள்ளிருக்கும் தானியங்கி அட்ஜஸ்டர் வேலை செய்யவில்லை.

அந்த அட்ஜஸ்டரைச் சோதிக்கும் முறை பலருக்குத் தெரிவதில்லை. மூடியைக் கழற்றி, அட்ஜஸ்டர் தலையில் இருக்கும் அடாப்டரில் ரிங் ஸ்பானரை மாட்டி, இடைவெளி கூடும் பக்கமாக மூன்று கிளிக் பின்னால் விட வேண்டும். ஸ்பானரை அப்படியே தொங்கவிட்டு, பெடலை மெதுவாக ஐந்து முதல் பத்து முறை மிதிக்கச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மிதிக்கும் ஸ்பானர் தானாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வர வேண்டும், போகப் போக நகர்வு குறைய வேண்டும். முதல் மிதியில் மட்டும் திரும்பி நின்றாலோ, முன்னும் பின்னும் ஆடினாலோ காலிப்பர் வேலைக்கு ஆகாது. இங்கே ஏர் கன் போடவே கூடாது. அடாப்டர் உடைவதற்கென்றே மெலிதாகச் செய்யப்பட்டது, அதையும் மீறி முறுக்கினால் உள்ளிருக்கும் அமைப்பே போய்விடும். சேம்பர் மாற்றும்போதும் டிஸ்க்குக்கு உரிய, சீல் உள்ள சேம்பரைத்தான் போட வேண்டும். டிரம் சேம்பரை மாட்டினால் மழைத்தண்ணீர் நேராகக் காலிப்பருக்குள் இறங்கும்.

டிஸ்க் முகத்தில் வலைபோல நுண்ணிய விரிசல் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. உள் விளிம்பிலிருந்து வெளி விளிம்புவரை முழுசாக ஓடிய விரிசல் என்றால் அந்த டிஸ்க் அன்றோடு சரி. டிரம்முக்கும் இதே பார்வைதான். இறக்கம் முடிந்ததும் புகை வரும் டிரம்மில் வாளித் தண்ணீர் ஊற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. வார்ப்பிரும்பு அந்த அதிர்ச்சியைத் தாங்காது. தானாக ஆறவிடுவதுதான் முறை.

எந்த வண்டிக்கு எது? குவாரியிலிருந்து கிரானைட் பிளாக் ஏற்றி யார்டுக்கு வரும் டிரெய்லருக்கு இன்றைக்கும் டிரம்தான் சரி என்பது எங்கள் முடிவு. கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்துக் குவாரிப் பாதையில் கல் தூளும் சேறும் கைடு பின்னின் ரப்பர் பூட்டை விட்டுவைக்காது. வண்டி 20 அங்குல ரிம்மில் ஓடுவதால் பெரிய டிஸ்க்குக்கு இடமும் கிடைக்காது. லைனரும் ரிவெட்டும் எந்தப் பட்டறையிலும் கிடைக்கும். ஓசூரிலிருந்து கோயம்புத்தூர், கொச்சி என்று தினமும் லோடோடு கணவாய் இறங்கும் டேங்கருக்கும் கன்டெய்னர் டிரெய்லருக்கும் டிஸ்க் போட்டே வாங்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் டிரெய்லரில் டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் மாட்டும் யோசனை மட்டும் வேண்டாம். ஆக்ஸில், வீல், சேம்பர், வால்வு எல்லாம் சேர்த்து மாற வேண்டியிருக்கும்.

எங்களுக்கு அதிகக் கவலை தருவது இரண்டும் கலந்த வண்டி. முன்னால் டிஸ்க் போட்ட புது வண்டி, பின்னால் யாரும் கவனிக்காத டிரம் டிரெய்லர். பெடலைத் தொட்டதும் முன்வண்டி நன்றாகப் பிடிப்பதால் டிரைவருக்குச் சந்தேகமே வராது. டிரெய்லரில் மூன்று ஆக்ஸிலும் சும்மா உருண்டு வந்தாலும் தெரியாது. முன்வண்டிப் பேடு சீக்கிரம் தேய்வதுதான் முதல் அறிகுறி. அதைப் பார்த்துப் பேடைக் குறை சொல்லி வேறு பேடு வாங்குகிறார்கள். மழையில் அதே வண்டி அழுத்திப் பிரேக் பிடிக்கும்போது டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளி, வண்டி மடங்கிக்கொள்ளும்.

இதைக் கண்டுபிடிக்கத் தொடாமல் சூடு அளக்கும் இன்ஃப்ராரெட் கருவி ஒன்று போதும். கணவாய் இறங்கி ஓரம்கட்டியதும் ஒவ்வொரு டிரம்மையும் டிஸ்க்கையும் அளந்து எழுத வேண்டும். அதிகம் கொதிப்பதை எல்லோரும் கவனிப்பார்கள். ஒரே ஆக்ஸிலில் ஒன்று 200 டிகிரி, மற்றது 60 என்றால், அந்த 60-ஐத்தான் முதலில் பிரிக்க வேண்டும். அது வேலை செய்யாததால்தான் மற்றது இரண்டு பங்கு உழைத்திருக்கிறது.

இறக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான். கணவாய்க்கு முன்னால் வரும் பாளையம் சுங்கச்சாவடிப் பக்கமே வேகத்தைக் குறைத்து, ஏர் மீட்டரைப் பார்த்து, கியரைக் குறைத்துக்கொண்டு, இன்ஜின் புகை வழியை அடைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டுவிட வேண்டும். நடுவில் கியர் மாற்ற முயன்றால் விழாமல் நியூட்ரலில் நின்றுவிடும். வேகம் 30 கிலோமீட்டரைத் தொட்டதும் பெடலை அழுத்தி 20-க்குக் கொண்டுவந்து முழுசாக விட வேண்டும், மறுபடி 30 வரட்டும். பெடலில் காலை லேசாக வைத்துக்கொண்டே இறங்கினால் டிரம் ஆற நேரமே கிடைக்காது. டிரெய்லர் பிரேக்கை மட்டும் இயக்கும் ஹேண்ட் வால்வை இழுத்துக்கொண்டு வருவதும் அப்படித்தான், மொத்தச் சூடும் டிரெய்லர் ஆக்ஸில்களுக்கே போகும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் இன்ஜின் பிடித்த பங்கும் பிரேக்கின் தலையில் விழும். இன்ஜினையே அணைத்தால் கம்ப்ரஸர் நிற்கும், பவர் ஸ்டீயரிங்கும் போகும். கணவாயில் இருக்கும் இரட்டைப் பாலத்து வளைவில் அந்த நிலையில் வரும் வண்டியில் டிரம் இருந்தாலும் ஒன்றுதான், டிஸ்க் இருந்தாலும் ஒன்றுதான்.