ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் கிடார்: சென்னையில் வாங்கலாமா?

ஸ்டீவ் வாய் (Steve Vai), ஜோ சாட்ரியானி என்ற ராக் கிடார் கலைஞர்களைக் கேட்டுக் கேட்டுப் பித்துப் பிடித்து முதல் எலக்ட்ரிக் கிடார் வாங்கக் கிளம்புகிறவர்கள், கடையில் நேராகப் போய்க் கைவைப்பது வாமி பார் (அசைத்துச் சுருதியை மாற்றும் கம்பி) வைத்த கிடார்மேல்தான். ஆசையில் தப்பே இல்லை. ஆனால் அந்த பாருடன் ஒரு சின்ன இயந்திரமும் சேர்ந்து வீட்டுக்கு வருகிறது. அதைத் துடைத்து, எண்ணெய் போட்டு, சுருதி சரிபார்த்து வைத்துக்கொள்ளும் பொறுமை இருந்தால் ராக் வாசிக்க இதைவிட இனிமையான கருவி கிடையாது. அந்தப் பொறுமை இல்லாதவருக்கு அசையாத பிரிட்ஜ் (ஸ்ட்ரிங்குகளை உடல்மேல் தாங்கும் பகுதி) உள்ள கிடாரே நல்லது. இது இரண்டாம்தரத் தேர்வும் அல்ல. ஏன் என்று பின்னால் பார்க்கலாம்.

ஃப்ளாய்ட் ரோஸ் என்ற அமெரிக்கக் கிடார் கலைஞர் 1970களின் பிற்பாதியில் வடிவமைத்து, 1979ல் காப்புரிமை பெற்ற, வாமி பார் பொருத்திய பிரிட்ஜ்தான் ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜ். அதற்கு முந்தைய ஃபெண்டர் வகையில் பாரை ஆழமாக அழுத்தி விட்டால், ஸ்ட்ரிங் நட்டில் (நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங்குகள் உட்காரும் கட்டை) சிக்கிக்கொண்டு பழைய இடத்துக்குத் திரும்பாது; சுருதி விலகிவிடும். ரோஸ் ஸ்ட்ரிங்கை இரண்டு முனையிலும் கவ்விப் பூட்டினார். நட்டில் மூன்று கட்டைகள், ஒவ்வொன்றும் இரண்டிரண்டு ஸ்ட்ரிங்கைப் பிடிக்கும். இந்தப் பக்கம், பிரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்காரும் சேடிலில் ஸ்ட்ரிங்குக்கு ஒரு பூட்டு. பிரிட்ஜ் மொத்தமும் உடலில் பதித்த ஸ்டட் என்ற இரண்டு தடித்த திருகுகளின்மேல் கத்தி விளிம்பு போன்ற இரண்டு முனைகளில் நிற்கிறது. முன்னால் ஆறு ஸ்ட்ரிங்குகள் இழுக்க, பின்னால் உடலுக்குள் இருக்கும் ஸ்பிரிங்குகள் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. 9–42 ஸ்ட்ரிங் செட்டை (எண்கள் மெல்லிய, தடித்த ஸ்ட்ரிங்குகளின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) வழக்கமான ஈ சுருதியில் ஏற்றினால் மொத்த இழுவை சுமார் 38 கிலோ. 10–46 போட்டால் சுமார் 46 கிலோ. தராசின் ஒரு தட்டைத் தொட்டால் மறு தட்டும் ஆடும் இல்லையா, அதே கதைதான். இதன் அழகு, தொல்லை இரண்டுக்கும் இதுதான் காரணம்.

சாட்ரியானி செய்யும் ஒரு வித்தையில் அந்த அழகைக் கண்ணாலேயே பார்க்கலாம். இடது விரல் மூன்றாவது ஸ்ட்ரிங்கில் ஃபிரெட் ஃபிரெட்டாக (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) மேலே வழுக்கிக்கொண்டு போகும். வலது கை அதே வேகத்தில் பாரைக் கீழே அழுத்தும். விரல் ஏறுகிறது, சுருதி ஏறுவதில்லை. தொண்டைக்குள் ஏதோ நெளிவது போன்ற ஒலி மட்டும் வரும். ஸ்டீவ் வாய் கையில் அதே பார் பேசும், சிணுங்கும், சிரிக்கும். 1987ல் வந்த அவருடைய ஐபனெஸ் ஜெம் கிடாரில் பிரிட்ஜுக்குப் பின்னால் மரத்தைக் குடைந்து இடம் விட்டிருப்பார்கள். பாரை மேலே தூக்கிச் சுருதியை ஏற்றவும் முடிய வேண்டும் என்பதற்காக. அந்தப் பள்ளம் இல்லாமல் ஸ்டீவ் வாயின் பாணியில் பாதிதான் கைக்கு வரும். ஆகவே கடையில் பிரிட்ஜுக்குப் பின்புறம் குடைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் எட்டி வான் ஹேலன் 1978ல் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த ‘எரப்ஷன்’ பதிவில் ஃப்ளாய்ட் ரோஸ் கிடையாது. சாதாரண ஃபெண்டர் வகை பிரிட்ஜ்தான். பின்னாளில் இதற்கு மாறியபோதும் அவர் பிரிட்ஜை உடல்மேல் படியவைத்து, கீழ்நோக்கி மட்டுமே அழுத்தினார். ஜெஃப் பெக் கடைசிவரை ஃபெண்டரின் ஸ்ட்ராடோகாஸ்டர் கிடாரை விடவில்லை. 1989ல் வந்த ‘வேர் வேர் யூ’வில் ஹார்மோனிக்ஸை (ஸ்ட்ரிங்கை அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஒலி) எழுப்பி, பாரை அசைத்தே முழு மெட்டையும் பாடவைத்திருக்கிறார். ஸ்வரம் ஸ்வரமாகப் பாரில் துல்லியம் காட்டியவர்களில் அவருக்கு நிகர் இல்லை என்பது இங்கே உறுதியான கருத்து. ஸ்டீவ் வாயை நேசிப்பவர்களும் இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

படம் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்கு 1986ல் வந்த ‘கிராஸ்ரோட்ஸ்’ நல்ல பாடம். கிடார் காட்சிக்காக ஒரே ஒரு படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம் என்றால் அது இதுதான். க்ளைமாக்ஸ் போட்டியில் ஜாக் பட்லராக ஸ்டீவ் வாயே நடித்து, பாரைப் போட்டு உலுக்கி எடுக்கிறார். நாயகனாக வரும் ரால்ஃப் மாக்கியோவின் கையில் இருப்பது டெலிகாஸ்டர். அதில் பாரே இல்லை. பகனினியின் ஐந்தாம் கப்ரீஸ் என்ற வயலின் இசைத்துண்டை அடிப்படையாகக் கொண்ட வேகமான பகுதியை அந்த டெலிகாஸ்டரில் வாசித்துத்தான் அவன் ஜெயிக்கிறான். திரைக்குப் பின்னால் அந்தப் பகுதியை வாசித்ததும் ஸ்டீவ் வாய்தான். வேகத்துக்கும் சுத்தத்துக்கும் பார் தேவையில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ‘பேக் டு த ஃப்யூச்சர்’ (1985) நடன அரங்கக் காட்சியும் அருமைதான். ஆனால் அதில் இருப்பது பிக்ஸ்பி வகை பார். மெல்ல நடுங்கவைக்க மட்டுமே அது உதவும்.

நம் ஊர்க் காதுக்கு இன்னொரு மயக்கம் உண்டு: பார் இருந்தால் கமகம் வந்துவிடும் என்று. வராது. பார் ஆறு ஸ்ட்ரிங்கையும் ஒரே நேரத்தில் இறக்கும். ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் இறங்கும். மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் எலக்ட்ரிக் மாண்டலினில் காட்டிய கமகம் எல்லாம் இடது கை வேலை. கிடாரில் கர்நாடக இசை வாசிக்கும் பிரசன்னாவைக் கேட்டாலும் இது புரியும். தோடி வாசிக்கும் எண்ணம் இருப்பவர் இப்படி ஸ்பிரிங் இழுவையில் தராசாக மிதக்கும் பிரிட்ஜைத் தவிர்ப்பது உத்தமம். ஒரு ஸ்ட்ரிங்கை இழுத்து வளைத்தால் மற்ற ஐந்தும் லேசாகச் சுருதி இறங்கும். பக்கத்து ஸ்ட்ரிங்கைச் சேர்த்து ஒலித்தால் அது அபஸ்வரமாகக் காதில் விழும். உள்ளங்கையை பிரிட்ஜில் அழுத்தி வாசிப்பவருக்கு எல்லாமே ஏறி ஒலிக்கும்.

ஸ்ட்ரிங் மாற்றுவதுதான் புதியவர்களை அழவைக்கும் கட்டம். ஆறையும் ஒரேயடியாகக் கழற்றாதீர்கள்; ஸ்பிரிங் பிரிட்ஜைப் பின்னால் இழுத்துப் படுக்கவைத்துவிடும். பிரிட்ஜின் பின்பகுதிக்குக் கீழே மடித்த துணியோ மெல்லிய மரத்துண்டோ கொடுத்துவிட்டு, ஒவ்வொன்றாக மாற்றுங்கள். புது ஸ்ட்ரிங்கின் குண்டு முனையை நறுக்கிவிட்டு, சேடிலுக்குள் அடிவரை செருகி, 3 மி.மீ. ஆலன் கீயால் பூட்டுங்கள். இறுகியதும் நிறுத்திவிட வேண்டும். பலம் காட்டினால் உள்ளே இருக்கும் சின்னக் கட்டை பிளந்துவிடும். பிறகு நட்டைப் பூட்டாமலே சுருதி சேருங்கள். ஆறாவதைச் சேர்த்துவிட்டு முதலாவதுக்கு வருவதற்குள் ஆறாவது இறங்கியிருக்கும். அது கோளாறு அல்ல, தராசின் இயல்பு. ஸ்ட்ரிங்குகளை விரலால் இழுத்துவிட்டு மூன்று நான்கு சுற்று சேர்த்தால் நிலைக்கும்.

இப்போது பக்கவாட்டில் பாருங்கள். பிரிட்ஜ் உடலுக்கு இணையாக இருக்க வேண்டும். முன்னோக்கிச் சாய்ந்து பின்பகுதி தூக்கியிருந்தால் ஸ்ட்ரிங் ஜெயிக்கிறது என்று அர்த்தம். கிடாரின் பின்மூடியைத் திறந்து, ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் இரண்டு நீளத் திருகுகளையும் கால் சுற்று இறுக்கி, மறுபடி சுருதி சேருங்கள். பின்பகுதி அமுங்கியிருந்தால் கால் சுற்று தளர்த்துங்கள். 9லிருந்து 10க்கு மாறினால் இந்த வேலை கட்டாயம் வரும். எல்லாம் சரியானதும் பிரிட்ஜில் உள்ள ஃபைன் ட்யூனர்களை (சுருதியைச் சிறிதளவு மாற்றும் திருகுகள்) பாதி வழியில் வைத்து, அதன்பிறகே நட்டைப் பூட்டுங்கள். பூட்டும்போது சுருதி ஜிவ்வென்று ஏறினால், நட்டுக்குப் பின்னால் ஸ்ட்ரிங்குகளை அமுக்கும் குறுக்குக் கம்பி உயரமாக இருக்கிறது. அதன் திருகுகளை இறக்கினால் சரியாகும். ஆக்ஷனுக்கு (ஃபிரெட்டுக்கு மேலே ஸ்ட்ரிங்கின் உயரம்) தொடக்க அளவாக 12ஆம் ஃபிரெட்டில் மெல்லிய ஈ-க்கு 1.5 மி.மீ., தடித்த ஈ-க்கு 2 மி.மீ. வையுங்கள். ஸ்டட் உயரத்தை மாற்றும் முன் ஸ்ட்ரிங்கைத் தளர்த்திவிடுங்கள். முழு இழுவையில் திருகினால் கத்தி விளிம்பு சிராய்ந்து, பிரிட்ஜின் ஆயுளே போய்விடும்.

சென்னையில் இதோடு முடிவதில்லை. கடற்காற்றும் வியர்வையும் சேர்ந்தால் முதலில் துருப்பிடிப்பது சேடில் திருகுகள்தான். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் ஜன்னல் திறந்த அறையில் சுவரில் மாட்டிவைக்கவே கூடாது. துருவேறிய திருகில் ஆலன் கீ வழுக்கி, ஆறு மூலையும் உருண்டுபோனால் துளை போட்டு எடுப்பதைத் தவிர வழியில்லை. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் பிரிட்ஜைத் துடையுங்கள். மாதம் ஒருமுறை கத்தி விளிம்பிலும் திருகுத் தலைகளிலும் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் போதும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நெக் வளைவு மாறும்போது பிரிட்ஜைத் திருகாமல் முதலில் நெக்குக்குள் ஓடி வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடைப் பாருங்கள். முதல் ஃபிரெட்டில் கேப்போ (ஸ்ட்ரிங்குகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) மாட்டி, கடைசி ஃபிரெட் பக்கம் அழுத்தினால், நடுவில் ஏழாம் எட்டாம் ஃபிரெட்டில் 0.2 மி.மீ. அளவுக்கு இடைவெளி தெரிய வேண்டும்.

ஒரே கிடாரில் மேடையில் டிராப் டி-க்கும் (ஆறாவது ஸ்ட்ரிங்கை மட்டும் டி-க்கு இறக்கும் சுருதி) போகிறவர்கள், பின்குழிக்குள் பிரிட்ஜ் கட்டைக்கும் மரத்துக்கும் நடுவே அளவாகச் செதுக்கிய மரத்துண்டைச் செருகி, மேலே தூக்கும் அசைவை அடைத்துவிடலாம். ஸ்ட்ரிங் அறுந்தாலும் மற்றவை சுருதி விலகாது. எட்டி வைத்திருந்த ஏற்பாட்டுக்குக் கிட்டத்தட்ட இது சமம். புதியவர்கள் முதல் ஆறு மாதம் இப்படியே வாசிப்பது நல்லது.

காசை மிச்சம் பிடிக்கக்கூடாத இடம் உலோகம். மலிவான நகல்களில் அடித்தட்டும் சேடிலும் துத்தநாகக் கலவை வார்ப்பு. கத்தி விளிம்பு சீக்கிரம் மழுங்கும். கெட்டிப்படுத்திய எஃகில் செய்த ஒரிஜினல், அல்லது அதே பொருளில் கொரியாவில் செய்யும் ஃப்ளாய்ட் ரோஸ் 1000 வரிசை வாங்கினால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். கையிலிருக்கும் பணத்துக்கு நகல்தான் கிடைக்கும் என்றால் அதே விலையில் அசையாத பிரிட்ஜ் கிடார் எடுங்கள்; மரமும் பிக்கப்பும் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பகுதி) ஒரு படி மேலாகக் கிடைக்கும்.

அண்ணாசாலைக் கடைகளில் கையில் எடுத்துப் பார்க்கும்போது இதைச் செய்யுங்கள். ட்யூனரை மாட்டி, மூன்றாவது ஸ்ட்ரிங்கின் 12ஆம் ஃபிரெட் ஹார்மோனிக்கை ஒலித்து, ஊசி நடுவில் நிற்கவையுங்கள். ஸ்ட்ரிங்குகள் தொளதொளவென்று ஆகும்வரை பாரை அழுத்தி, மெல்ல விடுங்கள். மறுபடி ஒலித்துப் பாருங்கள். அடுத்து பாரை மேலே தூக்கி விட்டுப் பாருங்கள். அழுத்தி விட்டபின் சுருதி இறங்கியும், தூக்கி விட்டபின் ஏறியும் நின்றால் விளிம்பு எங்கோ உரசுகிறது. செட்டப் செய்தால் சரியாகிவிடும் என்று கடைக்காரர் சொன்னால் அவரையே செய்யச் சொல்லி, அதே சோதனையை உங்கள் கண்முன் மறுபடி நடத்துங்கள். அப்போதும் ஊசி நடுவுக்கு வரவில்லையென்றால் அந்தக் கிடாரை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.