கண்மாயில் ஆர்சி விமானம்: நான்கு வருடப் பழக்கத்துக்குப் பிறகு

2021 மார்ச்சில் வாங்கிய ரிமோட்தான் இன்றும் கையில் இருக்கிறது. விமானம் மூன்றாவது. புரொப்பல்லர் (மோட்டார் சுற்றும் விசிறி) மட்டும் முப்பதுக்கு மேல் மாற்றியிருப்பேன். அதில் பாதிக்கு மேல் முதல் ஆறு மாதத்தில் உடைந்தவை. ரேடியோ ரிமோட்டில் சின்ன விமானம் பறக்கவிடும் இந்தப் பொழுதுபோக்கில் செலவும் சிரமமும் எங்கே குவிந்து கிடக்கின்றன என்பதற்கு அந்தக் கணக்கே போதும்.

எனக்கு அருப்புக்கோட்டைப் பக்கம். கிளப் கிடையாது, பக்கத்தில் நின்று சொல்லித்தர ஆளும் கிடையாது. சிறிய ஊரில் இருந்துகொண்டு தனியாக ஆரம்பிக்க நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆசை பழையது. கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்த நண்பன் ஒருவன், இரண்டு மெல்லிய கம்பிகளின் முனையில் ஒரு சின்ன எஞ்சின் விமானத்தைக் கட்டித் தன்னைச் சுற்றி வட்டமாகப் பறக்கவிடுவான். அந்தச் சத்தமும் எரிபொருள் வாசனையும் மனதில் அப்படியே தங்கிவிட்டன. கம்பி இல்லாமல் ரேடியோவில் ஓட்டுவதற்கு அப்போது கையில் காசு இல்லை. இருபது வருடம் கழித்துப் பார்த்தால் எல்லாம் பேட்டரிக்கு மாறியிருந்தது, விலையும் எட்டும் தூரத்துக்கு வந்திருந்தது.

முதலில் வாங்கியது இவ்வளவுதான்: ஃப்ளைஸ்கை ஐ6 ரிமோட், அதோடு வரும், விமானத்துக்குள் வைக்கிற ரிசீவர், 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று) மோட்டார், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்ப் இஎஸ்சி, இறக்கையிலும் வாலிலும் உள்ள மடிப்புகளை அசைக்கும் 9 கிராம் சர்வோ நான்கு, 2200 எம்ஏஎச் மூன்று செல் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி இரண்டு, ஒரு சார்ஜர், 120 செ.மீ. இறக்கை கொண்ட ஃபோம் விமானம். எல்லாம் சேர்ந்து பதினான்காயிரத்துக்குள் முடிந்தது. வாங்கும்போது தங்கை மகன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "மாமா, அந்த ஜெட் மாடல் வாங்குங்க" என்று விடாமல் சொன்னான். எனக்கும் கண் அங்கேதான் போனது. ஆனாலும் இறக்கை உடம்புக்கு மேலே இருக்கிற, பார்க்க எடுப்பே இல்லாத பயிற்சி விமானத்தை எடுத்தேன். நான்கு வருடத்தில் செய்த சரியான முடிவு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். எடை இறக்கைக்குக் கீழே தொங்குவதாலும், இறக்கையின் இரு நுனிகளும் லேசாக மேல்நோக்கி வளைந்திருப்பதாலும், ரிமோட்டின் ஸ்டிக்கை விட்டால் அது பெரும்பாலும் தானாகவே நிமிர்ந்துகொள்ளும். மெதுவாகவும் பறக்கும். பழகுகிறவனுக்கு வேண்டியது யோசிக்க நேரம், அதை இந்த விமானம் தரும். வேகமான போர் விமான மாடலில், தப்பு நடந்திருக்கிறது என்று உறைப்பதற்குள் அது தரையில் கிடக்கும்.

விமானம் வந்த பிறகும் ஒரு மாதம் அதைத் தொடவில்லை. ரிமோட்டின் பின்னால் இருக்கிற ட்ரெயினர் பிளக்கில் ஒரு யுஎஸ்பி கேபிளை மாட்டி, கணினித் திரையில் விமானம் ஓட்டிப் பழகும் பிகாசிம் என்ற இலவச சிமுலேட்டரில் தினமும் அரை மணி நேரம் ஓட்டினேன். இருநூறு, முந்நூறு ரூபாய் கேபிள்தான், ஆனால் அது மிச்சம் பிடித்துக் கொடுத்த பணத்துக்கு அளவில்லை.

சிமுலேட்டரில் எதைப் பழக வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயமே இதில்தான் இருக்கிறது. விமானம் நம்மை விட்டு விலகிப் போகும்போது வலது என்றால் வலது, இடது என்றால் இடது. அது திரும்பி நம்மை நோக்கி வர ஆரம்பித்ததும் எல்லாம் தலைகீழாகிவிடும். ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினால் விமானம் நம் கண்ணுக்கு இடது பக்கம் சாயும். அது சாய்கிறதே என்று பதறி இன்னும் வலதுக்குத் தள்ளுவோம், அது இன்னும் சாயும், இரண்டே நொடியில் தரை. மூளையால் கணக்குப் போட்டுத் திருத்தலாம் என்று நினைத்தால் நேரம் போதாது. எனக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு பழக்கம்: எதிரே வரும்போது எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ, அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளு. தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக் கொடுப்பதுபோல. வலது இடது என்ற பேச்சே வேண்டாம். இதை ஐந்நூறு தடவையாவது சிமுலேட்டரில் செய்திருப்பேன். ஒருநாள் யோசிக்காமல் கை தானாகப் போனது. அன்றைக்குத்தான் விமானத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தேன்.

பறக்கவிடுகிற இடம் ஊருக்கு வெளியே இருக்கும் கண்மாய். பங்குனியிலிருந்து தண்ணீர் வற்றிக் கிடக்கும். கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பதால் சக்கரம் உதவாது, வெடிப்பில் சிக்கிக் குப்புறக் கவிழும். முதல் வாரமே சக்கரங்களைக் கழற்றிவிட்டு, வயிற்றுப் பக்கம் அகலமான பேக்கிங் டேப் ஒட்டிக்கொண்டேன். கையால் வீசி ஏற்றுவது, வயிற்றால் சறுக்கி இறக்குவது. கரையோரம் முழுக்கச் சீமைக்கருவேலம். அந்த முள் ஃபோமுக்குள் இறங்கினால் ஊசி ஏறியதுபோல் இருக்கும். விமானம் மரத்தில் சிக்கினால் எடுப்பது பெரும்பாடு.

முதல் நாள் வீசியது மச்சான். "மச்சான், விடவா?" என்று கேட்டார். "விடுங்க" என்றேன். மேலே போகட்டும் என்று நினைத்து வானத்தைப் பார்க்க வீசிவிட்டார். விமானம் ஓர் ஆள் உயரத்துக்கு ஏறி, வேகம் இல்லாமல் ஒரு கணம் நின்று, மூக்கால் குத்தியது. மூக்கு உடைந்தது, மோட்டார் தாங்கும் பலகை பிளந்தது. வீட்டில் வைத்துப் பார்த்த பிறகுதான் வீசியதில் மட்டும் தப்பு இல்லை என்று தெரிந்தது. பேட்டரியை வசதியாக இருக்கிறதே என்று பின்னால் தள்ளி வைத்திருந்தேன். எடை வால் பக்கம் போனால் யார் வீசினாலும் இதே கதிதான். இப்போது ஒவ்வொரு முறையும் இறக்கையின் முன்விளிம்பிலிருந்து ஆறு செ.மீ. உள்ளே இரண்டு பக்கமும் ஒரு விரலை வைத்துத் தூக்கிப் பார்க்கிறேன். என் விமானத்தில் இறக்கையின் அகலம் இருபது செ.மீ., அதில் முப்பது சதவீதம் என்ற கணக்கு. மூக்கு லேசாகத் தாழ்ந்து நின்றால் சரி. வால் தாழ்ந்தால் அப்படியே வீட்டுக்கு எடுத்துப் போய்விடலாம்.

இரண்டு வாரம் கழித்து, காற்றுக்கு எதிராக, தரைக்குச் சமமாக, முக்கால் த்ராட்டிலில் (மோட்டார் வேகத்தில்) மச்சான் வீசினார். மூக்கு தாழவில்லை. தாழ்வாகவே கொஞ்ச தூரம் போய், பிறகு மெல்ல ஏறியது. நாற்பது நொடி பறந்திருக்கும். இறக்கும்போது இடது இறக்கை நுனி தேய்ந்தது. இரண்டு பேரும் ஒன்றும் பேசாமல் சிறிது நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

காற்று பெரிய விஷயம். எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் காலை ஆறரைக்கே காற்று எழுந்துவிடும். மற்ற மாதங்களில் எட்டு மணி வரை நிம்மதியாக ஓட்டலாம். ரிமோட் ஆன்டெனாவில் ஒரு முழம் ரிப்பன் கட்டியிருக்கிறேன். அது படுக்கைவசமாக நிற்க ஆரம்பித்தால் பெட்டியைத் திறப்பதில்லை. வெயில் ஏறினால் வெப்பக்காற்று தரையிலிருந்து மேலே கிளம்பும். பழகிய பிறகு அதில் த்ராட்டிலை அணைத்துவிட்டு மிதப்பது தனிச் சுகம். பருந்துகளும் அதே காற்றைத் தேடித்தான் வட்டமிடும். ஒருமுறை ஒரு பருந்து கால்களை நீட்டிக்கொண்டு விமானத்தின் மேலேயே இறங்கியது. அதற்குப் பிறகு பருந்து கிட்டே வந்தாலே இறக்கிவிடுகிறேன், அதன் இடம் அது.

கண்மாயில் ஆடு மேய்க்கும் பெரியவர் முதலில் வந்து, "தம்பி, ஆடு மிரளுது, கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளி விடுப்பா" என்றார். இடம் மாற்றிக்கொண்டேன். பிற்பாடு விமானம் விழுந்தால் எங்கே கிடக்கிறது என்று காட்டுகிறவரே அவர்தான். தூரத்தில் பறக்கும்போது அது மரத்துக்கு முன்னால் போகிறதா, பின்னால் போகிறதா என்று நம் கண்ணுக்குப் பிடிபடாது. பக்கவாட்டில் நிற்பவருக்குத் தெரியும். தனியாகப் போகாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

லைப்போ பேட்டரி பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். மூன்று செல் பேட்டரி முழுதாக ஏறினால் 12.6 வோல்ட். ஒரு செல் 3.5 வோல்ட்டுக்கு வரும்போது இறக்கிவிட வேண்டும். எட்டு நிமிடத்துக்கு டைமர் வைத்திருக்கிறேன், அது அடித்தால் எவ்வளவு நன்றாகப் பறந்தாலும் இறக்கம்தான். பறக்காத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்துவிட வேண்டும். ஒரு சித்திரை மாதம் முழு சார்ஜ் ஏற்றிய பேட்டரியை இரண்டு வாரம் அலமாரியில் விட்டுவிட்டேன், தலையணை மாதிரி உப்பிவிட்டது. உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜரில் மாட்டவே கூடாது. 2200 எம்ஏஎச் பேட்டரிக்கு 2.2 ஆம்ப்புக்கு மேல் ஏற்றுவதில்லை. சிமெண்ட் தரையில் மண்சட்டி வைத்து, அதற்குள் பேட்டரியை வைத்துத்தான் சார்ஜ் போடுகிறேன், சார்ஜ் முடியும் வரை அந்த அறையை விட்டு நகர்வதில்லை.

ஒட்டுவேலையில் ஒரு விஷயம். தெர்மோகோலில் சொட்டு விட்டதும் ஒட்டும் ட்யூப் பசையைப் போட்டால், பசை தெர்மோகோலையே கரைத்துக் குழியாக்கிவிடும். ஹாட் குளூ சீக்கிரம் பிடிக்கும், ஆனால் எடை ஏறும். முதல் விமானம் வந்தபோது பேட்டரியோடு 820 கிராம், ஒரு வருட ஒட்டுவேலைக்குப் பிறகு 960. எடை கூடக்கூட அது வேகமாகத்தான் இறங்கும், பழைய மெதுவான இறக்கம் திரும்பி வராது. அதனால் இரண்டாவதை ஃபோம் போர்டிலும் சன்பேக் என்ற பிளாஸ்டிக் ஷீட்டிலும் நானே வெட்டிச் செய்தேன். பொருள் செலவு அறுநூறு ரூபாய். மோட்டார், சர்வோ எல்லாம் பழையதிலிருந்து மாற்றிக்கொண்டேன்.

அந்த இரண்டாவதைப் பற்றி இன்னும் வருத்தம் உண்டு. ஏலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடிப்பு) சர்வோ திசை மாறியிருந்ததைக் கவனிக்காமல் வீசச் சொல்லிவிட்டேன். ஸ்டிக்கை வலது பக்கம் தள்ளினால் வலது இறக்கையின் ஏலரான் மேலே எழ வேண்டும். இதை வீசுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். ரிமோட்டை அணைத்தால் மோட்டார் தானாக நிற்கிறதா என்பதையும், புரொப்பல்லரைக் கழற்றிவிட்டுச் சோதித்துக்கொள்ள வேண்டும். சுற்றும் புரொப்பல்லர் விரலை எடுத்துவிடும், விளையாட்டுச் சாமான் என்று நினைக்கக் கூடாது.

கைரோ வைக்கலாமா என்று கேட்பார்கள். தானாக நிமிர்த்தும் கைரோ, தனியாகப் பழகுகிறவருக்கு முதல் பத்துப் பறத்தலில் விமானத்தைக் காப்பாற்றும், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதை அணைக்கிற ஸ்விட்ச் ரிமோட்டில் இருக்க வேண்டும், சீக்கிரம் அணைத்துப் பழகவும் வேண்டும். நான் கைரோ இல்லாமல்தான் பழகினேன். இப்போது காற்று நாட்களில் மட்டும் போடுகிறேன்.

சட்ட விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். 2021 ட்ரோன் விதிகளில் இந்த மாதிரி விமானங்களும் அடக்கம். 2 கிலோவுக்கு உட்பட்டதை வியாபார நோக்கமில்லாமல் ஓட்ட பைலட் சான்றிதழ் வேண்டியதில்லை. டிஜிட்டல் ஸ்கை என்ற அரசு இணையதளத்தின் வரைபடத்தில் பச்சை மண்டலத்தில் 400 அடி வரை தனி அனுமதி இல்லாமல் பறக்கலாம். விமான நிலையத்தைச் சுற்றி 12 கி.மீ. வரை கட்டுப்பாடு உண்டு. எங்கள் கண்மாய் மதுரை விமான நிலையத்திலிருந்து அதைவிட நல்ல தூரம். இருந்தாலும் முதலில் வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் இடம் தேர்ந்தெடுத்தேன். விமானம் எப்போதும் கண் பார்வைக்குள் இருக்க வேண்டும், ஆள் தலைக்கு மேலே போகவே கூடாது.

இந்த வருடம் ஒன்பதாவது படிக்கும் மகள் பழகுகிறாள். இன்னொரு ரிமோட் வாங்கி, இரண்டையும் கேபிளில் இணைத்துக்கொண்டோம். என் ரிமோட்டில் ஸ்விட்சை அழுத்திப் பிடித்திருக்கும் வரை அவள் ஓட்டுவாள், விட்டால் விமானம் என் கைக்கு வந்துவிடும். சிமுலேட்டரில் இரண்டு மாதம் ஓட்டிவிட்டுத்தான் வந்தாள். போன ஞாயிறு விமானம் எங்களை நோக்கித் திரும்பி, ஒரு பக்கம் சாய்ந்தது. ஸ்விட்சை விட என் விரல் தயாராக இருந்தது, அதற்குள் அவள் கை சரியான பக்கம் போய்விட்டது. "அப்பா, விடாதீங்க, நானே பார்த்துக்கறேன்" என்றாள்.

கார்த்திகையில் கண்மாய் நிறைந்தால் தண்ணீர் வற்றும் வரை இடம் கிடையாது. அந்த மாதங்களில் அவளுக்கென்று ஒரு மீட்டர் இறக்கையில் தனியாக ஒன்று செய்யப் போகிறோம். ஓர் இறக்கையின் அடிப்பக்கம் ஆரஞ்சு, இன்னொன்று கறுப்பு என்று அவளே முடிவு செய்துவிட்டாள், தூரத்தில் போனாலும் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிவதற்காக.