மானைக் கடையில் கொடுத்து வெட்டுவதா, நாமே வெட்டுவதா: மூன்று சீசன் அனுபவம்

120 டாலர் கொடுத்துக் கடையில் வெட்டி வாங்கிய மான்கறியை என் வீட்டில் யாரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. அடுத்த வருஷம் கார் ஷெட்டில் நானே கண்டபடி கூறுபோட்ட கறி ஜனவரி முடிவதற்குள் தீர்ந்துவிட்டது. வேட்டைக்குப் போகிற நம் ஆட்கள் இந்தப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிவருகிறார்கள், எல்லோரும் கேட்கிற முதல் கேள்வியும் இதுதான் என்பதால் எழுதி வைக்கிறேன்.

நான் இருப்பது அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலம் மேடிசன் பக்கம். நவம்பரில் நன்றி நவிலல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் துப்பாக்கி சீசன். மாநிலமே ஆரஞ்சு உடையில் காட்டுக்குள் போய்விடும். (2016 முதல் பளீர் பிங்க் உடையும் சட்டப்படி செல்லும், என் மனைவி வேண்டுமென்றே அதைத்தான் எனக்கு வாங்கித் தந்தாள்.) 1973 ஜனவரி முதல் தேதியிலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பாதுகாப்புப் பயிற்சி முடித்தால்தான் லைசன்ஸ். நான் முடித்தேன். ஊரில் அம்மாவிடம் போனில் சொன்னபோது, "மானாடா? போலீஸ் பிடிச்சிட்டுப் போயிருவான்டா" என்று பதறிவிட்டார். அவர் பயமும் நியாயம்தான், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நம் நாட்டில் மானைத் தொட்டால் ஜெயில். இங்கே மான்கள் பெருகிக் கிடக்கின்றன, சுடச் சொல்லி அரசாங்கமே அனுமதிச் சீட்டு தருகிறது.

சரி, முதல் வருஷக் கதை. ஒரு நடுத்தர ஆண்மான், குடல் எடுத்தபின் கடைத் தராசில் 121 பவுண்டு. எனக்கு வெட்டத் தெரியாது, ஊரில் கறிக்கடைக்குப் போய் "பின்னத்தங்கால்ல ஒரு கிலோ, கொஞ்சம் நெஞ்செலும்பு போட்டுக் கொடுங்க" என்று சொல்லத் தெரியும், அவ்வளவுதான். அதனால் பக்கத்து ஊர்க் கறிக்கடைக்குக் கொண்டுபோனேன். வருஷம் முழுக்க மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் விற்று, நவம்பரில் மட்டும் மான் வெட்டித் தருகிற கடை. பெயர் வேண்டாம். காட்டுக்கறியை இங்கே விற்கக் கூடாது, ஆகவே நாம் கொடுப்பது வெட்டுக் கூலி மட்டும்தான். வாசலில் பிக்கப் வண்டிகள் வரிசையாக நின்றன, ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு மான். காலில் ஒரு எண் கட்டினார்கள், கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். ஸ்டேக் எத்தனை அங்குலக் கனம், ரோஸ்ட் (முழுசாகச் சுடுகிற பெரிய துண்டு) எத்தனை பவுண்டு, மிச்சத்தை அரைப்பதா, சம்மர் சாசேஜ் (அரைத்த கறியை மசாலாவோடு உறையில் அடைத்துச் செய்வது) வேண்டுமா என்று கட்டம் கட்டமாகக் கேள்விகள். குழம்புத் துண்டுக்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன், யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து 37 பவுண்டு கறி கைக்கு வந்தது. அந்த எடை மானில் எலும்பில்லாமல் ஐம்பதை ஒட்டி வரும் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்லியிருந்தார். நாற்பது வருஷம் வேட்டை பார்த்தவர். உடனே கடைக்காரர் திருடிவிட்டார் என்று முடிவு கட்ட வேண்டாம், நானும் முதலில் அப்படித்தான் கொதித்தேன். என் குண்டு ஒரு முன்சப்பையை உடைத்துக்கொண்டு போயிருந்தது, இரத்தம் கட்டிய கறி நாலைந்து பவுண்டாவது வீணாகியிருக்கும். மிச்சம் எங்கே போனது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அளவைவிட ருசிதான் பெரிய குறை. மனைவி சின்ன வெங்காயம், மிளகு எல்லாம் அரைத்து அருமையாகத்தான் குழம்பு வைத்தாள். சூடாக இருக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. தட்டில் கொஞ்சம் ஆறியதும் மேல்வாயில் மெழுகு பூசியது போல ஒட்டிக்கொண்டது, கூடவே ஒரு மொச்சை வாடை. மான் கொழுப்பின் குணம் அது. ஆட்டுக் கொழுப்பைவிடச் சீக்கிரம் உறைந்துவிடும், நெடி பெரும்பாலும் அதில்தான் இருக்கும். தசையைச் சுற்றி வெள்ளி நிறத்தில் ஒரு சவ்வு ஓடும், அது எத்தனை விசில் விட்டாலும் வேகாது, ரப்பர். இரண்டையும் ஒன்றுவிடாமல் நீக்க வேண்டும். ஒரு வாரத்தில் நூற்றுக்கணக்கான மான் வந்து குவிகிற கடையில் ஒருத்தர் உட்கார்ந்து சவ்வு உரிப்பார் என்று எதிர்பார்ப்பது நம் தப்பு. எனக்கு வந்த கொத்துக்கறியில் சவ்வும் கொழுப்பும் சேர்ந்தே அரைபட்டிருந்தன. அம்மாவிடம் சொன்னேன். "சவ்வோட வெட்டிக் கொடுத்தா அவன் என்னடா கறிக்காரன்?" ஒரே வரியில் கடைக்கு மதிப்பெண் போட்டு முடித்துவிட்டார்.

இன்னொன்று, எனக்கு இதுதான் உறுத்தல். சாசேஜ் கேட்டிருந்தேன், பவுண்டுக்கு மூன்றரை டாலர் தனி. வாங்கும்போது பேச்சுவாக்கில் கேட்டால், சாசேஜுக்குப் பல மான்களின் கறியை ஒன்றாகச் சேர்த்துத்தான் அரைப்பார்களாம். என் கறி போய் யாரோ ஒருவரின் கறி வந்திருக்கிறது. சுட்டதும் உடனே குடலெடுத்துக் குளிரவைத்தாரா, வண்டியில் நாள் முழுக்க வெயில் படப் போட்டுவைத்தாரா, யாருக்குத் தெரியும்? அதற்கும் மேல் சி.டபிள்யூ.டி. மானின் மூளையை மெல்ல அழிக்கும் நோய், இந்த மாநிலத்தில் முதலில் கண்டது 2002இல், அதுவும் நான் வேட்டைக்குப் போகிற இந்தத் தென்பகுதியில்தான். மனிதருக்கு வந்ததாக இதுவரை சான்று இல்லை. ஆனாலும் நோய் உறுதியான மானைச் சாப்பிட வேண்டாம் என்றுதான் சுகாதாரத் துறை சொல்கிறது, நோயை உண்டாக்குகிற திரிந்த புரதம் சமைப்பதால் அழிவதும் இல்லை. பரிசோதனை இலவசம். தலையைக் கொடுத்தால் முடிவு வர பத்து நாள், இரண்டு வாரம் ஆகும். என் மானுக்கு இல்லை என்று வந்தது. சாசேஜில் கலந்த மற்ற மான்களைச் சோதித்தார்களா என்று கேட்டதற்குக் கடையில் தோளைக் குலுக்கினார்கள். அந்தப் பொட்டலங்களைத் தூக்கிப் போட்டேன்.

இரண்டாம் வருஷம் நானே வெட்டினேன். பெரியவர் ஒரு பீர் டப்பாவோடு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு வாயாலேயே வேலை வாங்கினார். வாங்கிய சாமான்: ஆறு அங்குல விக்டோரினாக்ஸ் எலும்பு நீக்கும் கத்தி ஒன்று (இதற்கு மேல் விலை கொடுக்கத் தேவையே இல்லை), சாணைக் கம்பி, மானைத் தொங்கவிட ஒரு இரும்புச் சட்டம், கறி அரைக்கும் மெஷின், காற்று உறிஞ்சிப் பை ஒட்டும் மெஷின். மொத்தம் 340 டாலர் சொச்சம். கடைக்கூலியோடு கணக்குப் பார்த்தால் மூன்று மானில் காசு திரும்பிவிடும். என் நேரத்துக்குக் கூலி போட்டால் எந்தக் காலத்திலும் திரும்பாது.

தோல் உரிப்பது சூடாக இருக்கும்போது சட்டை கழற்றுவது போல வரும். நான் மறுநாள் காலை வரை விட்டுவிட்டு, இழுத்து இழுத்துத் தோள்பட்டை போனது. பின்னங்கால் முட்டியின் உள்பக்கம் கறுப்பாக முடிக்கற்றையோடு ஒரு சுரப்பி இருக்கும், நாற்றம் குடலைப் பிடுங்கும். அதைத் தொட்ட கையோடோ கத்தியோடோ கறியைத் தொட்டால் அத்தோடு முடிந்தது. உரித்தபின் நாலு நாள் ஷெட்டில் தொங்கவிட்டேன். வெளியே இரண்டு மூன்று டிகிரி குளிர், ஃபிரிட்ஜே வேண்டாம். விறைப்பு அடங்குவதற்குள் அவசரப்பட்டு வெட்டினால் கறி கடினமாகிவிடும், நாலு டிகிரிக்கு மேல் போனால் கெட ஆரம்பிக்கும். நாலு நாளும் தெர்மாமீட்டரைப் பார்த்துப் பார்த்தே கண் பூத்துப்போனது.

வெட்டுவது நான் பயந்த அளவுக்கு இல்லை. ரம்பமே தேவைப்படவில்லை. முன்னத்தங்கால் உடம்போடு எந்த எலும்பு மூட்டாலும் சேர்ந்திருக்காது தெரியுமா, வெறும் தசைதான் பிடித்திருக்கும். காலைத் தூக்கிப் பிடித்து உள்பக்கம் கத்தியை விட்டால் தானாகக் கையில் வரும். முதுகெலும்பின் இரண்டு பக்கமும் கயிறு போல ஓடும் முதுகுக்கறி, அதுதான் ராஜா. எலும்பை ஒட்டிக் கத்தியை இழுத்துக்கொண்டே வந்தால் இரண்டு நீளத் துண்டாக விழும். பின்தொடையில் விரலை விட்டுத் தடவினால் தசைகளுக்கு இடையே வரப்பு தெரியும், அதன் வழியே பிரித்தால் நாலைந்து உருண்டையாகக் கழன்று வந்துவிடும். இவ்வளவுக்கும் ஒன்றரை மணி நேரம். சவ்வு உரிக்க? இரண்டு இரவு, ஏழு மணி நேரம். இடுப்பு போனது, கைவிரல் மரத்துப்போனது. முதல் வருஷம் அந்த மிச்சப் பவுண்டுகள் எங்கே போயின என்பது அப்போதுதான் புரிந்தது. கழுத்திலும் விலா எலும்புகளுக்கு நடுவிலும் சிறுசிறு துண்டாகப் பவுண்டு பவுண்டாகக் கறி இருக்கிறது. அதைச் சுரண்டி எடுக்கிற நேரத்தில் கடையில் இன்னொரு மானையே வெட்டிவிடலாம், அதனால் எலும்போடு தொட்டிக்குப் போய்விடும். இந்த முறை ஏறக்குறைய அதே எடை மான்தான், 48 பவுண்டு தேறியது.

ஒரு வருத்தம் மட்டும் உண்டு. நல்லி எலும்பு ஆசையை விட்டுவிட வேண்டும். நோய்க்குப் பயந்து எலும்பை அறுக்காமல் கறியை மட்டும் எடுக்கச் சொல்கிறார்கள், மூளையும் தண்டுவடமும் கூடவே கூடாது. விலக்க வேண்டிய பட்டியலில் மண்ணீரலும் இருக்கிறது, அதாவது நம் சுவரொட்டி. ஊரில் சோகை பிடித்த பிள்ளைக்கு என்று கறிக்கடையில் தனியாகச் சொல்லிவைத்து வாங்குகிற அதே சுவரொட்டி. காட்டிலேயே குடலோடு போட்டுவிட்டு வந்தேன்.

சமையலில் வித்தியாசம் பெரிது. தொடைக்கறியைச் சிறுசாக வெட்டி நல்லெண்ணெயில் சுக்கா போட்டோம். கறியில் கொழுப்பு துளியும் இல்லாததால் எண்ணெய் கொஞ்சம் தாராளமாக விட வேண்டும், இல்லாவிட்டால் கட்டை மாதிரி ஆகிவிடும். கழுத்தும் முன்சப்பையும் குக்கரில் ஐந்து விசில், குழம்புக்கு அதை விட்டால் வேறில்லை. முதுகுக்கறியைக் குழம்பில் போட்டுக் கெடுக்காதீர்கள், கல்லில் மிளகுத்தூள் போட்டுப் பிரட்டி எடுத்தால் போதும். மூன்று பவுண்டு உப்புக்கண்டமும் போட்டேன். இந்த ஊர் நவம்பரில் மொட்டை மாடியில் காயவைக்க முடியுமா? உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டி, முதலில் ஓவனில் கறிக்குள் 71 டிகிரி ஏறும் வரை சூடாக்கி, அப்புறம் காயவைக்கும் மெஷினில் வைத்தேன். அம்மா போட்டது மாதிரி இல்லை, ஆனால் பெரியவர் ஒரு டப்பாவைக் கேட்காமலே எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் வருஷம்தான் எனக்கு வழி பிடிபட்டது. சீசன் தொடங்கிய சனிக்கிழமை பதினைந்து டிகிரி வெயில். ஷெட்டில் தொங்கவிட்டிருந்தால் ஞாயிறு மதியம் புதைக்கத்தான் வேண்டும். அரை மணி நேரத் தொலைவில் ஒரு குடும்பம் நடத்துகிற சின்னக் கடை, தோல் உரித்து, குளிர் அறையில் மூன்று நாள் தொங்கவிட்டு, நாலு காலும் முதுகுக்கறியும் கழுத்துக்கறியும் பிரித்துக் கொடுக்க 50 டாலர் வாங்கினார்கள். எலும்புக்கூட்டையும் தோலையும் அவர்களே ஒழித்துவிட்டார்கள். இந்தக் கடைசி விஷயம் சின்னதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து வெட்டிய கழிவை வேறு காட்டில் வீசினால் நோய் அந்த மண்ணிலும் பரவும், குப்பைக் கிடங்குக்கோ அதற்கென்று வைத்திருக்கிற தொட்டிக்கோதான் போக வேண்டும், முந்தின வருஷம் நானே கொண்டுபோனதில் என் காரில் அந்த வாடை போக ஒரு மாதம் ஆனது. மிச்ச வேலையை வீட்டில் சாவகாசமாக நாலு மணி நேரத்தில் முடித்தேன். பழகியதில் சவ்வும் வேகமாக வந்தது.

ஆக என் மதிப்பெண்: முழுதாக வெட்டிக் கொடுத்த முதல் கடைக்கு ஐந்துக்கு இரண்டு. வேலை சுத்தம், பொட்டலம் நேர்த்தி, கறிதான் நமக்கானது இல்லை. ஸ்டேக்கும் சாசேஜும் சாப்பிடுகிற வீட்டுக்கு மூன்றரை கூடக் கொடுக்கலாம். மொத்தமும் நானே செய்ததற்கு நாலு, குளிர் கைகொடுத்தால் மட்டும். உரித்துக் குளிரவைத்துத் தருகிற சின்னக் கடைக்கு நாலரை. அரைப் புள்ளி ஏன் குறைத்தேன் என்றால், மானை இறக்கத் திங்கள்கிழமை வரச் சொன்னார்கள், நான் கெஞ்சியபின்தான் சனிக்கிழமையே எடுத்துக்கொண்டார்கள்.

கடைக்குப் போன் போட்டால் விலைக்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். என் மான் கறிதான் எனக்கே வருமா, அரைக்கிற கறிக்கும் அது பொருந்துமா? பரிசோதனை முடிவு வரும் வரை தனியாக வைத்திருப்பீர்களா? குண்டு பட்ட இடத்தைச் சுற்றி எவ்வளவு வெட்டி எறிவீர்கள்? மூன்றாவது ஈயத்துக்காக. ஈயக் குண்டு உள்ளே சிதறினால் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் காயத்தைத் தாண்டியும் தள்ளிப் போய்விடும். 2008இல் வடக்கு டகோட்டாவில், ஏழைகளுக்கு என்று தானமாக வந்த மான் கொத்துக்கறியில் ஈயம் இருந்ததைக் கண்டு அவ்வளவையும் தூக்கி எறியச் சொன்னார்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பதால் நான் அந்த இரண்டாம் வருஷமே செம்புக் குண்டுக்கு மாறிவிட்டேன். பெட்டிக்குப் பத்துப் பதினைந்து டாலர் கூட ஆகும், ஒரு சீசனுக்கு எனக்கு மூன்று குண்டுக்கு மேல் செலவானதில்லை, அதில் இரண்டு மரத்தில்தான் போய்ப் பட்டது.