மருதானையில ஒரு கிதாபுக் கடை

மகளுக்கு மத்ரஸா கிதாபு (மார்க்கப் புத்தகம்) வாங்கப் போன இடம், கொழும்புல. மருதானை ஸ்டேஷன்ல இறங்கி ஸாஹிரா கொலேஜ் பக்கம் நடந்தா சின்ன வாசல், உள்ளுக்கு ரெண்டு பேர் ஒண்டா நிக்க ஏலாது, ஃபேனும் ஒண்டுதான். பத்து நிமிசத்துல வாறேன்னு போனவன் ரெண்டு மணித்தியாலம் நிண்டுட்டேன்.

காரணம் கடைக்கார நானா ராக்கைய அடுக்கியிருக்கிற விதம். மத்த கடைகள்ல ஒரு ஜமாஅத்துட (மார்க்க இயக்கத்துட) கிதாபு இருந்தா மத்த ஜமாஅத்துடது இருக்காது, கேட்டாலே முகம் மாறும். இங்க வாசல்லயே தப்லீக் ஆக்கள் பள்ளியில கூட்டமா இருந்து வாசிக்கிற தஃலீம் கிதாபு, 1920கள்ல டெல்லிக்குத் தெக்க மேவாத்துல மௌலானா இல்யாஸ் தொடங்கின அந்த தப்லீக் வேல, இண்டைக்கு நம்ம ஒழுங்கை வரைக்கும் வீடு வீடாக் கூப்பிட கஸ்த் வருது. பக்கத்துல மௌதூதிட எழுத்து, அவர் 1941ல லாகூர்ல தொடங்கின ஜமாஅத்தே இஸ்லாமி 1954ல இலங்கையிலயும் அமைப்பாச்சு, ஆனா தமிழ்ப் புத்தகம் அச்சாகி வாறது சென்னையில இருந்து. மேல மதீனாவுல அச்சான குர்ஆன்ட தமிழ் தர்ஜுமா (மொழிபெயர்ப்பு). கடைசி ராக்கையில நபி புகழ் பாடுற மவ்லிது, கூட்டா ஓதுற ராத்திபு, ஷாதுலிய்யா சூஃபி தரீக்காட அவ்ராது (ஓதல்கள்).

"எல்லாம் கடல் தாண்டி வந்ததுதான் மகன், முந்தி வந்தத நம்மடதுங்கிறோம், பிந்தி வந்ததுக்குத்தான் சண்ட பிடிக்கிறோம்"னு கடை நானா சொன்னார். எனக்கு அது சரியாப் பட்டுச்சு, எங்கட வாப்பா மவ்லிது ஓதுவார், எங்கட மூத்த நானா மவ்லிது கூடாதுங்கிற தவ்ஹீத் ஆள், ஒரே சஹன்ல (பெரிய தட்டுல) சாப்பிட்டுக்கிட்டே வாதாடுவாங்க.

குறை சொல்லணும்னா, தமிழ அரபு எழுத்துல எழுதுற அரபுத்தமிழ்தான். தமிழ்நாட்டுக் கீழக்கரையில இருந்து இலங்கைக்கு வந்து போய் இருந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) எழுதின ஒண்டு கேட்டேன், மங்கின போட்டோகொப்பி ஒண்டைக் காட்டினார், அதுவும் விக்கிறதுக்கில்ல. எங்கட உம்மும்மா அந்த எழுத்த சரளமா வாசிப்பாங்க, எனக்கு ஒரு வரி ஓடல, அதுதான் மனசுக்குக் கஷ்டமாப் போச்சு. யாராவது திருப்பி அச்சடிக்கணும், இது வெளியில இருந்து வராது, நாங்கதான் செய்யணும்.

புதுசும் குறைவு. 2021ல இஸ்லாமிய கிதாபு இறக்க பாதுகாப்பு அமைச்சு அனுமதி வேணும்னு கொண்டு வந்த பிறகு பெட்டி வாறது லேட்டாம். கார்ட் எடுக்க மாட்டார், காசு கொண்டு போங்க. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் மூடியிருக்கும், அஸர் தொழுகைக்குப் பிறகு, பின்னேரம் போனா நானா ஆறுதலாக் கதைப்பார்.