ஷட்டில் பஸ்ஸில் சக்கர நாற்காலியோடு: பல வருட அனுபவம்

ரயில் நிலையத்துக்கும் அலுவலகத்துக்கும் நடுவே ஓடும் ஷட்டில் பஸ்ஸில் பல வருடமாகச் சக்கர நாற்காலியோடு போய்வருகிறேன். வண்டியில் பெரிய குறை இல்லை. தாழ்தள பஸ், நடுக் கதவில் கையால் விரிக்கும் சாய்தளப் பலகை. டிரைவர் நடைபாதையை ஒட்டி நிறுத்தினால் சட்டென்று ஏறிவிடலாம். தள்ளி நிறுத்தினால் பலகை நேராகச் சாலையில் இறங்கும். ஏற்றம் கூடிவிடும், பின்னாலிருந்து ஒருவர் தள்ளியாக வேண்டும்.

சிக்கல் கூட்ட நேரத்தில்தான். கதவு திறந்ததும் எல்லோரும் ஏறி, நாற்காலிக்கு ஒதுக்கிய இடத்திலும் நின்றுவிடுவார்கள். "அடுத்த பஸ்ல வாங்க சார்" என்பார் டிரைவர். அடுத்ததிலும் இதே நிலைதான். எனக்குப் பிறகு வந்தவர்கள் போய்ச் சேர்ந்திருப்பார்கள், நான் நிறுத்தத்திலேயே இருப்பேன்.

என்னை முதலில் ஏற்றினால், "நாங்க முன்னாடியே வந்து நிக்கிறோமே" என்று குரல் வரும். அந்தக் கேள்வியைத் தப்பென்று சொல்லமாட்டேன், வரிசை எனக்கும் முக்கியம். ஆனால் கதவில் முதலில் நுழைவது வேறு, வரிசையில் முந்துவது வேறு. நின்று வருபவர் கிடைத்த இடுக்கில் ஒதுங்கிக்கொள்வார். நாற்காலியைத் திருப்ப இடம் வேண்டும், ஒதுக்கிய இடத்தில் முதுகு சாயப் பொருத்தியிருக்கும் பலகையோடு சேர்த்து நிறுத்தி பிரேக் போட வேண்டும். நிரம்பிய வண்டியில் அது நடக்காது. என் முறை வராத பஸ் போனால் போகட்டும். முறை வந்த பஸ்ஸில் என்னை முதலில் ஏற்றுங்கள், அவ்வளவுதான் கேட்கிறேன்.

பிரிட்டனில் இது உச்ச நீதிமன்றம் வரை போனது. குழந்தை வண்டியோடு இருந்த ஒரு பெண் இடம் தர மறுத்ததால் சக்கர நாற்காலிப் பயணி ஏற முடியாமல் போன வழக்கு. டிரைவர் ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டுவிடக் கூடாது, மறுப்பு நியாயமில்லாதது என்றால் மேலும் வற்புறுத்த வேண்டும், தேவைப்பட்டால் சில நிமிடம் வண்டியை எடுக்காமல் நிறுத்தலாம் என்று 2017-ல் தீர்ப்பு வந்தது. மறுப்பவரை இறக்கிவிடச் சொல்லவில்லை. எனக்கும் யாரையும் இறக்கிவிட ஆசையில்லை. ஆட்கள் உள்ளே ஏறிய பிறகு கெஞ்சுகிற நிலைமையே வரக்கூடாது.

காலை வண்டி டிரைவர் ஒருவர் இதை அழகாகச் செய்கிறார். நடுக் கதவை மட்டும் முதலில் திறப்பார், என்னை ஏற்றிப் பலகையை மடிப்பார், பிறகுதான் முன்கதவு. ஒருவரும் முணுமுணுப்பதில்லை. அவர் விடுப்பில் போனால் பழைய தள்ளுமுள்ளுதான். அவர் செய்வதையே எல்லா டிரைவர்களுக்கும் எழுத்தில் விதியாக்கச் சொல்லி நிர்வாகத்திடம் மனு கொடுத்திருக்கிறேன்.