நாய், பூனையோடு குன்னூரில் ஃபிளாட் விற்பது: மூன்று வழிகள்

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஃபிளாட்டை விற்கப் போகிறவர் வீட்டில் நாய் இருந்தால், புரோக்கர் முதலில் சொல்வது: “அதை எங்கேயாவது விட்டுட்டு வந்துடுங்க சார்.” இரண்டாவது யோசனை, நாமே முதலில் குடிபெயர்ந்துவிட்டுக் காலி வீட்டைக் காட்டுவது. மூன்றாவது, நாயோடு அங்கேயே இருந்துகொண்டு, ஆள் வரும் நேரத்தில் மட்டும் அதை அப்புறப்படுத்துவது. என் ஓட்டு மூன்றாவதற்கு.

கீழே சமவெளியில் காலி வீடு காட்ட வசதிதான். இங்கே பூட்டிக் கிடக்கும் வீட்டில் ஈரம் இறங்கிவிடும். குன்னூருக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. அக்டோபர், நவம்பரில் சில வாரம் ஜன்னல் திறக்காமல் விட்டால் அலமாரிக்குப் பின்னால் பூஞ்சை படர்ந்துவிடும். அந்த வாடைக்கு முன்னால் நாய் வாடை ஒன்றுமே இல்லை. தினமும் வந்து ஜன்னலைத் திறந்துவைக்க ஆள் போட்டால் குரங்கு உள்ளே வந்துவிடும், அது தனிக்கதை. காலி செய்துதான் ஆக வேண்டும் என்றால், வெயில் காயும் ஜனவரி முதல் மார்ச் வரை பார்த்துக்கொள்ளுங்கள்.

காப்பகத்தில் விடுவது பார்வைக்குச் சுலபம். ஆனால் பலரும் தேடிப்போவது கோயம்புத்தூருக்கு. ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரத்துக் குளிரில் வளர்ந்த அடர்முடி ஜெர்மன் ஷெப்பர்டை ஏப்ரலில் கீழே இறக்கினால் வெக்கையில் இளைத்துப்போகும், உண்ணியும் ஏறும். உண்ணி கடித்துப் பரவும் எர்லிகியா காய்ச்சல் நாயின் உயிருக்கே உலை வைக்கும். வீடு எத்தனை மாதத்தில் விலைபோகும் என்று யாருக்கும் தெரியாது. அத்தனை மாதமும் காப்பகக் கட்டணம். சாமான் ஏற்றும் நாள், பத்திரப்பதிவு நாள் என்று இரண்டு மூன்று நாளுக்கு மட்டும் சரி. வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கேட்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, நாயை அனுப்பினாலும் வாடை வீட்டிலேயேதான் இருக்கும். பூனை வீடுகளில் இது இன்னும் மோசம். பூனை மூத்திரத்தில் உள்ள யூரிக் அமிலம் எளிதில் கரையாது. தரையில் படிகமாகத் தங்கி, ஈரம் பட்டதும் மறுபடி நாறும். மூடுபனி தினம் வரும் ஊரில் கேட்கவே வேண்டாம். அதை உடைக்க என்சைம் கலந்த கிளீனர்தான் வேண்டும். பிளீச்சிங் ஊற்றாதீர்கள், மூத்திரத்தின் அம்மோனியாவோடு சேர்ந்து நச்சுவாயு கிளம்பும். இந்த ஊர் வழக்கப்படி யூக்கலிப்டஸ் தைலம் தெளிப்பதும் வேண்டாம். நாய்க்கும் பூனைக்கும் அது நஞ்சு. பூனைக்கு ஃபினாயிலும் ஆகாது. குளிருக்காக விரித்த பழைய கார்ப்பெட்டைத் தூக்கி எறிந்தாலே பாதி வாடை போய்விடும்.

மூன்றாவது வழியிலும் சிக்கல் உண்டு: நேரம். சீசனில் மலைப்பாதை நெரிசலில் சிக்கி, பத்து மணிக்கு வருகிறேன் என்றவர் ஒரு மணிக்கு வருவார். இப்போது வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேறு. 2024 மே முதல் இருக்கிறது. அதனால் நாயை வாக்கிங் கூட்டிப்போய்ச் சமாளிக்க முடியாது. அது பழகிய பக்கத்து வீட்டில் அரை நாள் விட ஏற்பாடு வேண்டும். கேட்டருகே கட்டிப்போடலாம் என்று நினைக்காதீர்கள், பொழுது சாய்ந்தபின் சிறுத்தை வரும் ஊர் இது. பூனைக்கு இந்த வழி ஒத்துவராது. புது ஆள் வந்தால் ஒளியும், திறந்த கதவில் ஓடியும்விடும். அதை மட்டும் உறவினர் வீட்டில் விட்டுவிடுவது நல்லது.

நாய் இருப்பதை மறைக்காதீர்கள். வாங்க வருபவரிடமும் நாய் இருக்கலாம்; அவர் முதலில் கேட்பதே “அசோசியேஷன்ல விடுவாங்களா?” என்றுதான். குடியிருப்புச் சங்கம் செல்லப்பிராணிகளை அடியோடு தடைசெய்யக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது. அதன் நகல் ஒன்றை வில்லங்கச் சான்றோடு சேர்த்து வைத்திருங்கள். கதவில் உள்ள நகக்கீறலை அட்வான்ஸ் வாங்கும் முன்பே நீங்களே காட்டிவிடுங்கள். தச்சரை வைத்துத் தேய்த்து பாலிஷ் போட ஆகும் செலவு, வாங்குபவர் பின்னால் கண்டுபிடித்துப் பேரத்தில் குறைக்கும் தொகையைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.